கெட்டி ஆயில்தான் நல்ல ஆயிலா?

மார்கழி பிறந்துவிட்டால் நம் வீட்டு அடுக்களையிலேயே ஒரு பாடம் நடக்கிறது. காலையில் தேங்காய் எண்ணெய்ச் சீசாவை எடுத்தால் வெள்ளை வெளேரென்று உறைந்து நிற்கிறது. வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால்தான் இளகுகிறது. பக்கத்திலேயே இருக்கிற நல்லெண்ணெய்ச் சீசாவைச் சாய்த்தால் எண்ணெய் பாட்டுக்கு ஓடி வருகிறது. அடுக்களை ஒன்றுதான், குளிரும் ஒன்றுதான். ஆனால் குளிர் எல்லா எண்ணெயையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை.

இது நம் பெண்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. ஆனால் ராத்திரி பூராவும் வாசலில் பனியில் நிற்கிற மோட்டார் சைக்கிளுக்குள்ளேயும் ஒரு எண்ணெய் இருக்கிறதே, அது என்ன ஆகிறது என்று எத்தனை பேர் யோசிக்கிறோம்? கடைக்குப் போனால், "நல்லா கெட்டியா ஒரு ஆயில் குடுங்க" என்று கேட்டு வாங்கி ஊற்றிவிடுகிறோம். கெட்டியாக இருந்தால் பலம், நீர்த்திருந்தால் மட்டம் என்று ஒரு எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? இன்றைக்கும் அது செல்லுமா? இதைத்தான் பார்க்கப் போகிறோம். அதற்கு மாட்டு வண்டிக் காலத்திலிருந்து ஆரம்பிக்க வேணுங்க.

வண்டி மையும் கொட்டமுத்து எண்ணெயும்

நம் பாட்டன் காலத்தில் வண்டி பூட்டுவதற்கு முன்னால் அச்சுக்கு மை போடுவார்கள். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்தால் அதுதான் வண்டி மை. கடலை எண்ணெயை விட்டுவிட்டு விளக்கெண்ணெயை ஏன் பிடித்தார்கள்? காரணம் இருக்கிறது. கொட்டமுத்தில் ஆட்டிய எண்ணெய் கெட்டியானது. இரும்பில் ஒட்டிக்கொண்டு விடாமல் நிற்கும். சுமை ஏறினாலும் சீக்கிரம் வழிந்து ஓடாது.

இதே குணத்தைத்தான் மோட்டார் உலகமும் பிடித்துக்கொண்டது. 1899இல் இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு என்பவர் ஒரு எண்ணெய்க் கம்பெனி ஆரம்பித்தார. அந்தக் கம்பெனி 1909இல் விளக்கெண்ணெய் சேர்த்த ஒரு என்ஜின் ஆயிலைக் கொண்டுவந்தது. விளக்கெண்ணெய்க்கு ஆங்கிலத்தில் காஸ்டர் ஆயில் என்று பெயர். அதை வைத்தே புது ஆயிலுக்குக் காஸ்ட்ரால் என்று பெயரிட்டார்கள். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் பல ஆகாய விமானங்களின் என்ஜினுக்கு விளக்கெண்ணெயைத்தான் ஊற்றினார்கள். பெட்ரோலில் அது எளிதில் கரையாது என்பதும் ஒரு காரணம்.

ஆனால் விளக்கெண்ணெய்க்குக் குறைகளும் உண்டு. சூட்டில் நாளானால் பிசின் மாதிரி பிடித்துக்கொள்ளும். குளிரில் இன்னும் கெட்டியாகிவிடும். பூமியிலிருந்து எடுக்கிற கச்சா எண்ணெயில் நல்ல ஆயில் செய்யக் கற்றுக்கொண்ட பிறகு, சாதாரண வண்டிகளிலிருந்து விளக்கெண்ணெய் விடைபெற்றது. அதற்காக ஆமணக்கின் மதிப்பு போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இன்றைக்கும் உலகத்திலேயே அதிகமாக ஆமணக்கு விளைகிற நாடு நம் நாடுதான். அதில் குஜராத்துக்குத்தான் பெரும் பங்கு. நம் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரிலும் ஆமணக்குக்கென்று வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

ஆக, எண்ணெய் போய்விட்டது. ஆனால் "கெட்டியா இருந்தாத்தான் தாங்கும்" என்கிற எண்ணம் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

கலங்கல் கிராமத்து இளைஞர்

கோவை மாவட்டத்தில் கலங்கல் என்று ஒரு கிராமம். 1893இல் அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்தான் ஜி.டி. நாயுடு அவர்கள். 1912 வாக்கில் வருவாய்த் துறையைச் சேர்ந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி ரட்ஜ் என்கிற மோட்டார் சைக்கிளில் வருவதைப் பார்த்தார். மாடும் இல்லாமல், மிதிப்பதும் இல்லாமல் ஒரு வண்டி தானாக ஓடுகிறதே என்று அந்த இளைஞருக்கு ஒரே வியப்பு. கோவைக்கு வந்து ஒரு ஓட்டலில் சர்வராக வேலை பார்த்தார். காசைச் சேர்த்து, சுமார் 300 ரூபாய்க்கு அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியவர் ஓட்டிப் பார்த்ததோடு நிற்கவில்லை. அக்கக்காகக் கழற்றி, மறுபடியும் மாட்டிக் கற்றுக்கொண்டார் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. பின்னால் 1920இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை உதவியோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். 1937இல் பாலசுந்தரம் நாயுடு அவர்களோடு சேர்ந்து உள்நாட்டிலேயே மின் மோட்டார் செய்து காட்டினார். 2025இல் கோவை அவினாசி ரோட்டில் திறந்த பெரிய மேம்பாலத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்து மோட்டார் சைக்கிளில் ஆயில் எப்படி வேலை செய்தது தெரியுமா? இப்போது மாதிரி ஒரே ஆயில் சுற்றிச் சுற்றி வராது. வண்டியில் ஒரு சின்னக் கைப்பம்பு இருக்கும். ஓட்டுகிறவர் அவ்வப்போது அதை அமுக்கி என்ஜினுக்குள் ஆயில் விட வேண்டும். போன ஆயில் கொஞ்சம் எரியும், கொஞ்சம் வெளியே சிந்தும். திரும்பி வராது. உள்ளே இருக்கிற உறுப்புகளுக்கிடையே இடைவெளியும் அதிகம். அப்படிப்பட்ட என்ஜினில் நீர்த்த ஆயில் விட்டால் உடனே ஓடிப்போய்விடும். கெட்டி ஆயில்தான் கொஞ்ச நேரம் நிற்கும்.

பிறகு கிணற்று மேட்டுக்கு ஆயில் என்ஜின் வந்தது. 1955இல் சென்னையில் என்ஃபீல்டு கம்பெனி ஆரம்பித்து, புல்லட் நம் ஊர் ரோடுகளில் ஓட ஆரம்பித்தது. அந்தப் பழைய புல்லட்டும் வார்ப்பிரும்பு சிலிண்டர்தான், கெட்டி ஆயிலைக் கேட்கிற வண்டிதான். ஆகவே அன்றைக்குப் பெரியவர்கள் சொன்னது பொய் இல்லீங்க. அன்றைய என்ஜினுக்கு அது சரியான பேச்சு.

டபிள்யூ பிறந்த கதை

நம் ஊரில் குளிர் என்பது பல்லைக் கட்டும் அளவுக்குத்தான். மேல்நாடுகளில் குளிர் என்றால் பனிக்கட்டி. அங்கே கெட்டி ஆயிலால் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கனடா, அலாஸ்கா பக்கம் சிறு விமானம் ஓட்டியவர்கள் ராத்திரி இறங்கியதும் ஆயிலை வடித்து வீட்டுக்குள் வைத்துக்கொள்வார்கள். காலையில் அடுப்பில் சுடவைத்து, சூட்டோடு சூடாக ஊற்றித்தான் என்ஜினைக் கிளப்புவார்கள். வடிக்காமல் விட்டால் உள்ளேயே இறுகிப்போய் என்ஜின் சுற்றாது.

இந்தத் தொல்லைக்கு ஒரு கணக்கு வேண்டும் என்று அமெரிக்க மோட்டார் என்ஜினீயர்கள் சங்கம் முனைந்தது. 1911இல் ஆயிலின் கெட்டித்தன்மைக்கு முதல் தர வரிசையை வகுத்தார்கள். ஆயில் டின்னில் எஸ்.ஏ.இ. என்று மூன்று எழுத்து போட்டிருக்குமே, அது இந்தச் சங்கத்தின் பெயர்தான். எண் பெரிதானால் ஆயில் கெட்டி. 30ஐ விட 40 கெட்டி, 40ஐ விட 50 கெட்டி.

ஆனால் இந்த எண் என்ஜின் சூடான பிறகு உள்ள நிலையைத்தான் சொல்லும். குளிரில் எப்படி இருக்கும் என்று சொல்லாது. அதனால் 1930களில் குளிருக்கென்று தனி எண் சேர்த்தார்கள். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் டபிள்யூ என்கிற ஆங்கில எழுத்தைப் போட்டார்கள். குளிர்காலத்துக்கு ஆங்கிலத்தில் வின்டர் என்று பெயர். அதன் முதல் எழுத்துதான் இந்த டபிள்யூ. சில பேர் இதை எடை என்று நினைத்துக்கொள்கிறார்கள். எடைக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

அப்போதும் ஒரு சிக்கல் இருந்தது. குளிர்காலத்துக்கு ஒரு ஆயில், கோடைக்கு ஒரு ஆயில் என்று மாற்றி மாற்றி ஊற்ற வேண்டியிருந்தது. 1950களில் இதற்கும் வழி வந்தது. ஆயிலில் ஒரு மருந்துப் பொருள் சேர்த்தார்கள். அது குளிரில் நூல் உருண்டை மாதிரி சுருண்டு கிடக்கும், சூட்டில் விரிந்துகொள்ளும். அதனால் சூடு ஏறினாலும் ஆயில் ரொம்பவும் நீர்த்துப்போகாது. இப்படி ஒரே ஆயில் இரண்டு வேலை செய்ய ஆரம்பித்தது. டின்னில் இரண்டு எண்ணும் வந்தது.

இப்போது உங்கள் வண்டிக்கு வாங்கிய டின்னை எடுத்துப் பாருங்கள். 20 டபிள்யூ 40 என்றோ, 10 டபிள்யூ 30 என்றோ இருக்கும். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கிற எண் குளிருக்கு. அது சிறிதாக இருந்தால் கடுங்குளிரிலும் ஆயில் ஓடும். பின்னால் இருக்கிற எண் சூட்டுக்கு. தண்ணீர் கொதிக்கிற 100 டிகிரிச் சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதை அது சொல்லும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பாதி விஷயம் முடிந்தது.

நம் குளிருக்கு எது போதும்?

சரி, நம் ஊர்க் குளிருக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

20 டபிள்யூ ஆயிலைப் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரிக் குளிரில் சோதிக்கிறார்கள். 15 டபிள்யூவுக்குப் பூஜ்யத்துக்குக் கீழே 20, 10 டபிள்யூவுக்குக் கீழே 25. நம் கோவையில் தை மாதத்து விடியற்காலையில் 18, 19 டிகிரிதான். ஊட்டிப் பக்கம் தலைகுந்தா, அவலாஞ்சியில் பயிர் கருகும் அளவுக்கு உறைபனி விழும்போதுகூடப் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே எந்த ஆயிலும் நம் ஊரில் தேங்காய் எண்ணெய் மாதிரி உறைந்துவிடாது. அந்தப் பயம் வேண்டாம்.

ஆனால் உறைவது வேறு, மெதுவாக ஓடுவது வேறு. கீழ்பவானிப் பாசன விவசாயிகளுக்கு இது சட்டென்று புரியும். பவானிசாகரில் மதகைத் திறந்த உடனே கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடுகிறதா? நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். என்ஜினுக்குள்ளும் அப்படித்தான். ராத்திரியில் ஆயிலெல்லாம் அடியில் இறங்கிக் கிடக்கும். அங்கே இருக்கிற பம்புதான் மதகு. தலைப்பகுதியில் இருக்கிற கேமும் வால்வும்தான் கடைமடை. காலையில் கிளப்பியதும் ஆயில் அடியிலிருந்து மேலே ஏறிப் போய்ச் சேருகிற வரைக்கும் அங்கே இரும்போடு இரும்பு உரசும். அந்த நொடிகளில்தான் தேய்மானம் கூடுதல். ஆயில் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு தாமதம். நாள் ஒன்றுக்குக் கொஞ்சம் என்று தேய்ந்து, வருஷம் சில போனதும் மேலே சத்தம் வரும், புகை வரும், கடைசியில் ரீபோர் செலவில் வந்து நிற்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்கு 50 கிலோமீட்டர் சொச்சம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விடியற்காலையில் கிளம்பினால் கிளப்பும்போது குளிர். மலை ஏறும்போது சின்ன கியரில் என்ஜின் கொதிக்கும். ஒரே பயணத்தில் முன் எண்ணுக்கும் வேலை, பின் எண்ணுக்கும் வேலை. அதனால்தான் இரண்டு எண்ணும் முக்கியம் என்கிறோம்.

தாத்தா வண்டியும் பேரன் வண்டியும்

1984இல் ஹீரோ ஹோண்டா கம்பெனி ஆரம்பித்து, அடுத்த வருஷமே 100 சிசி வண்டியைக் கொண்டுவந்தது. அதிலிருந்து நம் ஊருக்கு வந்த நாலு ஸ்ட்ரோக் வண்டிகளின் என்ஜின் வேறு ஜாதி. உறுப்புகள் நெருக்கமாகப் பொருந்தியவை. ஆயில் போகிற வழிகள் சிறியவை. இன்றைக்கு வருகிற பல 100, 125 சிசி வண்டிகளுக்குக் கம்பெனிக்காரர்களே 10 டபிள்யூ 30 போடச் சொல்கிறார்கள். அதைப் பார்த்து, "இதென்ன தண்ணி மாதிரி இருக்குது" என்று சொல்லி, 20 டபிள்யூ 50 வாங்கி ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தாத்தா ஓட்டிய புல்லட்டுக்குச் சரியாக இருந்த பழக்கத்தைப் பேரன் வண்டியில் ஊற்றினால் எப்படிங்க? மைலேஜ் குறையும், காலையில் கிளம்ப முரண்டு பண்ணும், தேய்மானமும் கூடும்.

இதைக் கேட்டுவிட்டு, தாத்தா வைத்திருக்கிற பழைய புல்லட்டுக்கு 10 டபிள்யூ 30 ஊற்றிவிடாதீர்கள். அது அதற்குத் தாங்காது. கசியும், புகையும், சத்தம் போடும். அதற்கு 50 என்று முடிகிற ஆயில்தான் பொருத்தம்.

மலைமேல் குடியிருக்கிறவர்களுக்கும், குளிர்கால முழுக்க வண்டியை மேலேயே வைத்திருப்பவர்களுக்கும் ஒரு யோசனை. வண்டியோடு கொடுத்த சின்னப் புத்தகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆயில் சொல்லியிருந்தால், முன் எண் சிறியதை எடுங்கள். பின் எண்ணைத் தொடாதீர்கள். 20 டபிள்யூ 40க்குப் பதில் 10 டபிள்யூ 40, 20 டபிள்யூ 50க்குப் பதில் 15 டபிள்யூ 50 என்று போகலாம். ஒரு நாள் பயணமாக ஊட்டி போய் வருகிறவர்கள் ஆயிலை மாற்றவே வேண்டியதில்லை.

1980இல் வந்த டி.வி.எஸ். 50 மாதிரி இரண்டு ஸ்ட்ரோக் வண்டி இன்னும் வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டு எண் கணக்கு கிடையாது. பெட்ரோலோடு கலக்கிற டூ டி ஆயில்தான் அதற்கு. குளிர் நாளில் நன்றாகக் குலுக்கிக் கலந்துகொண்டால் போதும்.

டிராக்டர் ஆயில் மிச்சம் இருக்குதே?

பல வீடுகளில் டிராக்டருக்கு வாங்கிய ஆயில் கேனில் மிச்சம் இருக்கும். ஒரு லிட்டர்தானே, பைக்குக்கு ஊற்றிவிடலாம் என்று தோன்றும். பழைய புல்லட்டில் என்ஜினுக்குத் தனி ஆயில், கிளட்ச் செயினுக்குத் தனி, கியர் பெட்டிக்குத் தனி. இன்றைய மோட்டார் சைக்கிளில் இந்த மூன்றும் ஒரே ஆயிலில்தான் குளிக்கின்றன. என்ஜினுக்கு வழுக்க வேண்டும், கிளட்ச்சுக்கோ பிடிக்க வேண்டும். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே சமையல் பிடிக்க வேண்டும் என்பது மாதிரி.

காருக்கென்று வருகிற சில ஆயில்களில் வழுக்கலைக் கூட்டும் மருந்து சேர்க்கிறார்கள். அதைப் பைக்கில் ஊற்றினால் கிளட்ச் தட்டு வழுக்கும். என்ஜின் கத்தும், வண்டி போகாது. இதைத் தடுக்கத்தான் ஜப்பான்காரர்கள் 1998இல் ஜாசோ என்று ஒரு தரம் வகுத்தார்கள். கியர் மோட்டார் சைக்கிளுக்கு டின்னில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ. 2 என்று இருக்க வேண்டும். பெல்ட்டில் ஓடுகிற, கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு எம்.பி. இந்த முத்திரை இல்லாத டிராக்டர் ஆயிலை டிராக்டருக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

பால் சொசைட்டிக்குப் போகிறவர்களுக்கு

காலையில் கேனை மாட்டிக்கொண்டு அரை கிலோமீட்டர் போய்ப் பால் ஊற்றிவிட்டு, திரும்பி வந்து வண்டியை நிறுத்திவிடுகிறோம். என்ஜின் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. பெட்ரோல் எரியும்போது உண்டாகிற நீராவி, குளிர்ந்த என்ஜினுக்குள் தண்ணீராகி ஆயிலில் சேரும். நன்றாகச் சூடானால் அது ஆவியாகிப் போய்விடும். சூடேறாவிட்டால் அங்கேயே தங்கும். ஆயில் குச்சியிலோ மூடியிலோ டீயில் பால் கலந்தது போல் நுரை தெரிந்தால் இதுதான் காரணம் என்று பெரும்பாலும் சொல்லலாம். இப்படிப்பட்ட வண்டிக்குக் கிலோமீட்டரை மட்டும் பார்க்கக் கூடாது. மாதக் கணக்கையும் பார்த்து, முன்கூட்டியே ஆயில் மாற்ற வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடேற்றுவது நல்லது. அதன் பிறகும் நுரை போகாவிட்டால் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

குளிர் காலையில் வண்டியைக் கிளப்பியதும் முறுக்கி ரேஸ் பண்ணாதீர்கள். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரட்டும். அரை நிமிஷம், ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டு, முதல் இரண்டு கிலோமீட்டரை நிதானமாகப் போனால் போதும். பத்து நிமிஷம் நிறுத்திச் சூடு பண்ண வேண்டிய அவசியமில்லை. அது பெட்ரோலுக்குத்தான் கேடு.

சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். கடைக்காரர் சொல்வதையும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதையும் கேட்பதற்கு முன்னால் வண்டிப் புத்தகத்தைப் பாருங்கள். புத்தகம் தொலைந்திருந்தால், அந்தக் கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் கேட்டு எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முன் எண் குளிருக்கு, பின் எண் சூட்டுக்கு, ஜாசோ கிளட்ச்சுக்கு. சீல் உடையாத டின்னாக வாங்குங்கள். மாதம் இரண்டு முறை அளவு பாருங்கள். நல்ல ஆயிலாக இருந்தாலும் அளவு குறைந்துவிட்டால் பயனில்லை. வடித்த பழைய ஆயிலைக் கிணற்று மேட்டிலும் வாய்க்காலிலும் கொட்டாதீர்கள். ஒர்க் ஷாப்பில் சேர்த்து வைத்து எடுத்துப் போகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

மண்ணைப் பார்த்துத்தான் விதை போடுகிறோம். செம்மண் காட்டுக்கு ஒன்று, கரிசல் காட்டுக்கு ஒன்று. ஒன்று உசத்தி, இன்னொன்று மட்டம் என்று அர்த்தமில்லை. ஆயிலும் அப்படித்தான். கெட்டி ஆயில் நல்லது என்றும் கிடையாது, நீர்த்தது நல்லது என்றும் கிடையாது. உங்கள் வண்டிக்கு எது பொருந்துகிறதோ அதுதான் நல்ல ஆயில்.